எல்எஸ்இயா, வாரிக்கா? கணிதம், பொருளியல் பட்டத்துக்கு இரண்டு ஆஃபர் கையில் இருந்தால்

ஒரு ஆஃபர் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில், அதாவது எல்எஸ்இயில், கணிதமும் பொருளியலும் சேர்ந்த பிஎஸ்சிக்கு. இன்னொன்று வாரிக் பல்கலைக்கழகத்தின் மோர்ஸ் என்ற பட்டத்துக்கு. இங்கிலாந்தில் பன்னிரண்டாம், பதின்மூன்றாம் ஆண்டுகளில் கணக்கில் கெட்டியாக இருக்கும் பிள்ளைகள் பலருக்கு வரும் சிக்கல் இது. பிள்ளை குழம்பிக்கொண்டிருக்கும், வீட்டில் உள்ளவர்கள் ஏற்கெனவே முடிவு செய்திருப்பார்கள்: எல்எஸ்இதான், பேரு இருக்கே. பேர் இருக்கிறதுதான், மறுக்கவில்லை. 1895இல் சிட்னி வெப், பியட்ரிஸ் வெப், பெர்னார்ட் ஷா, கிரஹாம் வாலஸ் ஆகியோர் தொடங்கிய இடம், அம்பேத்கர் 1923இல் டி.எஸ்சி. பட்டம் வாங்கிய இடம், நம்மவர்களிடம் தனியாக அறிமுகப்படுத்தத் தேவையே இல்லை. வாரிக் என்றால் "அது எங்கே இருக்கு?" என்பார்கள். அந்தக் கேள்வியும் நியாயம்தான், ஏனென்றால் வாரிக் பல்கலைக்கழகம் வாரிக் ஊரில் இல்லை, கவென்ட்ரியின் ஓரத்தில் இருக்கிறது.

பெயரை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்றால், இரண்டும் ஒரே படிப்புதான் என்று நினைத்துக்கொண்டு சேர்ந்துவிட்டு, இரண்டாம் ஆண்டு நடுவில், "நான் படிக்க வந்தது இது இல்லையே" என்று திகைக்க வேண்டியதுதான். மோர்ஸில் இருப்பவை நான்கு: கணிதம், ஆபரேஷனல் ரிசர்ச் (இருக்கும் வளத்தை வைத்துச் சிறந்த முடிவைக் கணக்கிடும் துறை), புள்ளியியல், பொருளியல். நடத்துவது புள்ளியியல் துறை. அதாவது பொருளியல் நாலில் ஒரு பங்கு, அவ்வளவுதான். எல்எஸ்இயில் கணிதத் துறைதான் பட்டத்தை நடத்துகிறது என்றாலும் பொருளியல் கிட்டத்தட்டப் பாதி. ஆக மோர்ஸுக்குப் போகிறவர் பொருளியல் தெரிந்த புள்ளியியல்காரராக வெளியே வருவார், எல்எஸ்இக்குப் போகிறவர் கணிதம் தெரிந்த பொருளியல்காரராக. கொஞ்சம் மிகைதான், ஆனால் தவறில்லை.

முதலாண்டுப் பாடப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்: லீனியர் அல்ஜீப்ரா, கால்குலஸ், நிகழ்தகவு, புள்ளியியல், அறிமுகப் பொருளியல். எல்எஸ்இயில் கூடுதலாக எல்எஸ்இ100 என்று எல்லாத் துறை மாணவர்களுக்கும் பொதுவான ஒரு பாடம் உண்டு, சிலர் ரசிப்பார்கள், பலர் புலம்புவார்கள். வாரிக்கில் முதலாண்டிலேயே கணினியில் டேட்டாவோடு மல்லுக்கட்ட வைப்பார்கள். பிரிவது இரண்டாம் ஆண்டில்தான். மோர்ஸ் பக்கம் ஸ்டொகாஸ்டிக் பிராசஸ் (தற்செயலாக மாறிக்கொண்டே போகிறவற்றின் கணிதம்), கணிதப் புள்ளியியல் என்று நிகழ்தகவை ஆழமாகத் தோண்டிக்கொண்டு போகும். எல்எஸ்இ பக்கம் ரியல் அனாலிசிஸ் (கால்குலஸின் அடிப்படைகளைக் கறாராக நிரூபிக்கும் கணிதம்) ஒரு கையில், கணிதம் தோய்ந்த மைக்ரோ பொருளியல் இன்னொரு கையில். கட்டாயப் பாடங்களை அவ்வப்போது மாற்றுவார்கள் என்பதால் நீங்கள் சேரும் ஆண்டுக்கான பட்டியலைத் திறந்து, இரண்டாம் ஆண்டில் எது கட்டாயம், எது விருப்பம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த அரை மணி நேர வேலை எந்த ரேங்கிங் பட்டியலையும்விட உபயோகமானது.

இரண்டு படிப்பின் மனப்போக்கும் எங்கே வேறுபடுகிறது என்று காட்ட ஒரு சின்னக் கணக்கு. ஒரு தச்சுப் பட்டறையில் மேசையும் நாற்காலியும் செய்கிறார்கள். மேசைக்கு 2 மணி நேர உழைப்பு, 1 பலகை. நாற்காலிக்கு 1 மணி நேரம், 1 பலகை. கையில் இருப்பது 100 மணி நேரம், 80 பலகை. மேசைக்கு லாபம் 40 பவுண்டு, நாற்காலிக்கு 30. எதை எத்தனை செய்வது? கோடு போட்டுப் பார்த்தால் மூலைப் புள்ளிகள் வரும்: வெறும் மேசை 50 செய்தால் 2,000, வெறும் நாற்காலி 80 செய்தால் 2,400, 20 மேசையும் 60 நாற்காலியும் செய்தால் 2,600. கடைசியதுதான் விடை. இதுவரை இரண்டு வகுப்பிலும் ஒரே மாதிரி.

இதற்கு அடுத்த கேள்விதான் முக்கியம். இதே கணக்கைத் திருப்பிப் போட்டு, மணிக்கும் பலகைக்கும் என்ன மதிப்பு என்று கேட்டால், கூடுதலாக ஒரு மணி நேர உழைப்பு கிடைத்தால் லாபம் 10 பவுண்டு ஏறும், கூடுதலாக ஒரு பலகை கிடைத்தால் 20 பவுண்டு ஏறும் என்று வரும். (100 மணிக்குப் பத்துப் பத்தாக 1,000, 80 பலகைக்கு இருபது இருபதாக 1,600, கூட்டினால் அதே 2,600. முதல் முறை இது ஒத்துப்போவதைப் பார்க்கும்போது ஒரு சின்ன சந்தோஷம் வரும். வராதவர்கள் இந்த இரண்டு படிப்பையுமே மறுபரிசீலனை செய்யலாம்.) இங்கே பொருளியல் மூளை உடனே கேட்கும்: அப்படியானால் சந்தையில் பலகை 15 பவுண்டுக்கு விற்றால் வாங்கலாம், 25 பவுண்டுக்கு யாராவது கேட்டால் நம் பலகையையே விற்றுவிடலாம், எல்லாப் பட்டறையும் இப்படி யோசித்தால் பலகையின் விலை எங்கே போய் நிற்கும்? ஆபரேஷனல் ரிசர்ச் மூளை வேறு திசையில் போகும்: பொருள் இரண்டு இல்லாமல் பத்தாயிரமாக இருந்தால் மூலைகளை எப்படித் தேடுவது, அரை நாற்காலி செய்ய முடியாதே, முழு எண்ணாகத்தான் வேண்டும் என்றால் கணக்கு எவ்வளவு கஷ்டமாகும், நாளைக்கு எத்தனை ஆள் வேலைக்கு வருவார்கள் என்றே தெரியாவிட்டால்?

இரண்டு கேள்விக்கும் வேர் ஒன்றுதான். இந்த மாதிரி வளப் பங்கீட்டுக் கோட்பாட்டுக்காக கான்டரோவிச்சுக்கும் கூப்மன்ஸுக்கும் 1975இல் கொடுத்தது பொருளியல் நோபல். 1947இல் மூலைமூலையாகப் போய் விடையைத் தேடும் சிம்ப்ளெக்ஸ் முறையைக் கொண்டுவந்த டான்ட்சிக்குக் கிடைக்கவில்லை, அது தனிக் கதை. உங்களுக்கு எந்தக் கேள்வி தூக்கத்தைக் கெடுக்கிறது என்று பாருங்கள். விலை எங்கே நிற்கும் என்பதா, எல்எஸ்இ. விடையை எப்படித் தேடிப் பிடிப்பது, நிச்சயமின்மையை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதா, வாரிக். எனக்கு இரண்டாவது பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

துறைகளைப் பொறுத்தவரை, எல்எஸ்இயின் கணிதத் துறை சிறியது. கேம் தியரி, டிஸ்கிரீட் மேத்ஸ், நிதிக் கணிதம் என்று சில திசைகளில் நன்றாகக் கூர்மையானது. சமூக அறிவியலுக்கான கல்வி நிலையம் என்பதால் இயற்பியல், பொறியியல் மாணவர்கள் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். டோப்பாலஜி மாதிரிச் சுத்தக் கணிதத்தில் திடீர் ஆசை வந்தால் அங்கே போக இடம் குறைவு. வாரிக்கில் அந்தக் கவலை இல்லை: கிறிஸ்டோபர் ஸீமன் கட்டி எழுப்பிய கணிதத் துறை அது, கணிதத் துறை இருக்கும் கட்டடத்துக்கே அவர் பெயர்தான், மார்ட்டின் ஹேரர் 2014இல் கணிதத்தின் பெரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கியபோது வேலை பார்த்ததும் அங்கேதான். பொருளியல் என்று வந்தால் தட்டு மறுபக்கம் சாயும். பில் பிலிப்ஸ் 1949இல் குழாய்களிலும் தொட்டிகளிலும் கலர் தண்ணீரை ஓடவிட்டு ஒரு நாட்டின் பணப் புழக்கத்தைக் காட்டும் இயந்திரத்தை இயக்கிக் காட்டியது எல்எஸ்இயில்தான், 2010இல் நோபல் வாங்கிய பிசரைடிஸும் அங்கேதான். ஆனால் ஒன்று, முதலாண்டு வகுப்பில் உங்கள் ஹோம்வொர்க்கைத் திருத்தப்போவது நோபல்காரர் இல்லை, பெரும்பாலும் ஒரு பிஎச்டி மாணவர். அதனால் பெரிய பெயர்களுக்கு ஓரளவுக்கு மேல் எடை கொடுக்காதீர்கள்.

பொருளியலில் பிஎச்டி வரை போகும் எண்ணம் இருந்தால் ரியல் அனாலிசிஸ், லீனியர் அல்ஜீப்ரா, எகனாமெட்ரிக்ஸ் (பொருளியல் டேட்டாவைப் புள்ளியியலால் அலசுவது) மூன்றும் மதிப்பெண் பட்டியலில் பளிச்சென்று தெரிய வேண்டும். எல்எஸ்இ பட்டம் அதற்கென்றே வெட்டித் தைத்த மாதிரி இருக்கும். மோர்ஸிலும் முடியும், விருப்பப் பாடங்களைக் கவனமாக எடுக்க வேண்டும். காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றின் அபாயத்தைக் கணக்கிடும் ஆக்சுவரி வேலைக்குப் போக நினைப்பவர்கள் மோர்ஸ் பக்கம் திரும்பலாம், சரியான பாடங்களை எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கினால் ஆக்சுவரி சங்கத் தேர்வுகள் சிலவற்றிலிருந்து விலக்குக் கிடைக்கும். வங்கி, நிதி வேலைகளுக்கு இரண்டு இடத்திலிருந்தும் ஆள் எடுக்கிறார்கள். லண்டனில் இருந்தால் மாலையில் ஒரு நிறுவன நிகழ்ச்சிக்குப் போய்விட்டு இரவு அறைக்கு வந்துவிடலாம், கவென்ட்ரியிலிருந்து என்றால் யூஸ்டனுக்கு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் எல்எஸ்இயில் ஒரு விஷயம் உண்டு, முதல் பருவம் ஆரம்பித்த சில வாரத்திலேயே சுற்றியிருக்கும் எல்லோரும் ஸ்ப்ரிங் வீக் (முதலாண்டு மாணவர்களுக்கு வங்கிகள் நடத்தும் குறுகிய கால வேலை அனுபவம்) விண்ணப்பம் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த ஓட்டம் சிலரை முன்னே தள்ளிவிடும், சிலரை நொறுக்கிவிடும். பிள்ளையின் சுபாவம் உங்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் காசு. உள்நாட்டு மாணவர் என்றால் கட்டணத்தில் வித்தியாசம் இல்லை, 2025-26இல் இரண்டு இடத்திலும் 9,535 பவுண்டு. வித்தியாசம் வாழ்க்கைச் செலவில். அதே ஆண்டு இங்கிலாந்து மாணவர்களுக்கு வாழ்க்கைச் செலவுக்காக அரசு தரும் பராமரிப்புக் கடனின் உச்ச வரம்பு லண்டனில் தனியாகத் தங்கினால் 13,762, லண்டனுக்கு வெளியே 10,544, பெற்றோர் வீட்டிலிருந்தே போய் வந்தால் 8,877. லண்டனுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் 3,218 பவுண்டை அறை வாடகையே சத்தமில்லாமல் விழுங்கிவிடும். அதுவும் வீட்டு வருமானம் அதிகமாக இருந்தால் கடன் குறையும், மீதியைப் பெற்றோர்தான் போட வேண்டும். வீடு லண்டனிலேயே இருந்தால் கணக்கு தலைகீழ், எல்எஸ்இதான் மலிவு. திருப்பிக் கட்டுவதைப் பற்றி ரொம்பப் பயப்பட வேண்டாம்: 2023 ஆகஸ்ட் முதல் சேர்ந்தவர்களுக்குச் சம்பளத்தில் 25,000க்கு மேல் உள்ள தொகையில் 9 சதவீதம், அதாவது 35,000 சம்பளத்துக்கு மாதம் 75 பவுண்டு. 40 ஆண்டு கழித்து மீதி தள்ளுபடி.

பலர் கவனிக்காத ஒன்று நாலாவது ஆண்டு. மோர்ஸுக்கு எம்மோர்ஸ் என்று நான்கு ஆண்டு வடிவம் இருக்கிறது, முதுகலையோடு வெளியே வரலாம், நாலாவது ஆண்டும் இளங்கலைக் கட்டணம், இளங்கலைக் கடன். எல்எஸ்இ பட்டம் மூன்றாண்டு, முதுகலை வேண்டுமென்றால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்கான அரசுக் கடன் 2025-26இல் அதிகபட்சம் 12,858 பவுண்டுதான். லண்டனில் பெயர் பெற்ற பொருளியல் முதுகலைகளின் கட்டணம் மட்டுமே அதைத் தாண்டிவிடும், சாப்பாடும் வாடகையும் வேறு. முதுகலை நிச்சயம் என்று இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கோ நாலாவது ஆண்டு என்பது சுமைதான், இரண்டு இடத்திலும் கட்டணம் ஆண்டுக்கு 25,000 பவுண்டுக்கு மேல். படித்து முடித்தபின் வேலை தேடத் தரும் கிராஜுவேட் விசாவையும், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைக்கிறார்கள்.

தங்குமிடம் பற்றி ஒரு வார்த்தை. வாரிக்கில் முதலாண்டு வளாகத்துக்குள்ளேயே ஓடிவிடும். இரண்டாம் ஆண்டில் பெரும்பாலோர் லெமிங்டன் ஸ்பாவில் வீடு எடுத்து பஸ்ஸில் வருவார்கள், காலை ஒன்பது மணி வகுப்புக்கு அந்த பஸ்ஸில் இடம் பிடிப்பது தனிக் கலை. எல்எஸ்இக்கு வளாகம் என்று சொல்லிக்கொள்ளும்படி பெரிதாக ஒன்றும் இல்லை, நடு லண்டனில் சில தெருக்கள், அவ்வளவுதான். நூலகத்திலிருந்து வெளியே வந்தால் ஊருக்குள்தான் நிற்பீர்கள்.

என்னைக் கேட்டால், பொருளியல்தான் வாழ்க்கை என்று தெளிவாக இருப்பவருக்கு எல்எஸ்இ, யோசிக்கவே வேண்டாம். வீடு லண்டனில் இருந்து பணம் நெருக்கடி என்றாலும் எல்எஸ்இ. கணக்கு பிடிக்கும், எங்கே போய் நிற்பேன் என்று இன்னும் தெரியவில்லை என்பவருக்கு வாரிக், ஏனென்றால் அங்கிருந்து திரும்ப வழிகள் அதிகம். பதினெட்டு வயதில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது வகைதான், வாயால் என்ன சொன்னாலும்.

இனி பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸில் பதில் போடும் வேலை. எல்லா முடிவும் நேரத்துக்கு வந்திருந்தால் சாதாரணமாக ஜூன் முதல் வாரத்துக்குள் ஒன்றை ஃபர்ம் (முதல் தேர்வு) என்றும் இன்னொன்றை இன்சூரன்ஸ் (அது கைவிட்டால் போகும் இடம்) என்றும் குறிக்க வேண்டும். இந்த இரண்டையுமே அப்படிப் போடலாம் என்று தோன்றும். இரண்டும் ஏறக்குறைய ஒரே கிரேடு கேட்டால் அதில் அர்த்தமே இல்லை: ஆகஸ்டில் ரிசல்ட் வரும்போது ஒன்றுக்குக் கிரேடு குறைந்தால் மற்றதற்கும் குறைந்திருக்கும், இரண்டும் போய், மிச்சமிருக்கும் இடங்களுக்கு விண்ணப்பிக்கும் கிளியரிங்கில்தான் நிற்க வேண்டும். உங்கள் ஐந்து விண்ணப்பங்களில் ஒரு கிரேடாவது குறைவாகக் கேட்கும் இடம் எது என்று பார்த்து, போகப் பிடிக்கும் இடமாகவும் இருந்தால், அதை இன்சூரன்ஸில் போட்டுவிட்டு, எல்எஸ்இ, வாரிக் இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள்.