அல்சூர் வேக வாசிப்புப் பயிற்சி: ரூ.4,500 கட்டிய அனுபவம்

பெங்களூரு அல்சூர் ஏரிக்கு அருகே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நடந்த வேக வாசிப்புப் பயிற்சியில், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகனுக்குத் துணையாக நானும் ரூ.4,500 கட்டிச் சேர்ந்தேன். வாசிக்கும்போது கண் எப்படி நகர்கிறது என்பதை ஆராய்வதுதான் என் வேலை என்று அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

ஏற்பாடுகளில் குறையில்லை. பயிற்றுநர் பொறுமையானவர், காப்பி சுமார். கைப்பேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். பலருக்கு வேகம் கூடியதற்கு அதுவே பாதிக் காரணமாக இருக்கலாம்.

சிக்கல் பாடத்தில் இருக்கிறது. படித்த இடத்துக்குத் திரும்பக் கூடாது, வரியின் நடுப்பகுதியைப் பார்த்தால் போதும், ஓரங்களைக் கண் தானாகப் பிடித்துக்கொள்ளும் என்கிறார்கள். ஆனால் கண் வரியின்மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவி, நின்று, மறுபடியும் தாவுகிறது. ஆங்கிலம் வாசிப்போரிடம் உளவியலாளர் கீத் ரேனரும் பிறரும் அளந்து கண்டபடி, ஒவ்வொரு நிறுத்தமும் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லி விநாடி நீடிக்கிறது. நின்ற இடத்திலிருந்து வலப்புறம் 14, 15 எழுத்துகளுக்கு அப்பால் பயனுள்ள எதுவும் எட்டுவதில்லை, சொல்லை அடையாளம் காணும் எல்லையோ அதைவிடக் குறுகியது. தாவல்களில் 10 முதல் 15 விழுக்காடு பின்னோக்கியவை. அவற்றில் பல, புரியாததைச் சரிசெய்துகொள்வதற்கானவை. 2014-இல் ஷாட்டர், டிரான், ரேனர் மூவரும், படித்து முடித்த சொற்களை மறைத்துத் திரும்பிப் பார்ப்பதைப் பயனற்றதாக்கிச் சோதித்தபோது, புரிதல் குறைந்தது.

தமிழில் இந்த முறை இன்னும் ஆபத்தானது. நம் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, எதிர்மறையும் அதன் வாலில்தான் ஒட்டியிருக்கிறது. பயிற்சிக்குக் கொடுத்த அறிவிப்பு ஒன்றில் வரியோரத்தில் இருந்த ‘விலக்கு அளிக்கப்படமாட்டாது’ என்பதை அக்கா மகன் ‘அளிக்கப்படும்’ என்றே எடுத்துக்கொண்டான். அவனுடைய வேகத்துக்கு மட்டும் பாராட்டுக் கிடைத்தது.

இறுதித் தேர்வில் நிமிடத்துக்கு 210 சொற்களிலிருந்து 640-க்கு நான் உயர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். புரிதலைச் சோதித்தவை நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பத்துக் கேள்விகள். எங்களை அழைத்துப்போக வந்த அக்காவிடம், பத்தியைக் காட்டாமல் கேள்வித்தாளை மட்டும் கொடுத்தேன், ஆறு சரி. இதைச் சொன்னபோது, “உங்க அக்கா நிறையப் படிக்கிறவங்களா இருப்பாங்க மேடம்” என்று பயிற்றுநர் சிரித்தார்.

செய்தித்தாளை மேலோட்டமாகப் புரட்டப் பழக விரும்புவோர் போகலாம், அதற்கு இந்தக் கட்டணம் அதிகம். தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். இரண்டாம் கட்டப் பயிற்சிக்கு அக்கா மகனை அனுப்பவில்லை.