ஹெரால்டுக்கு எந்த பாடி? துருப்பிடித்ததா, வளைந்ததா, புதிதாக அடித்ததா?

ஏற்காட்டில் எஸ்டேட் கணக்கு பார்த்த என் தாய்மாமா விட்டுச்சென்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், இரண்டு கதவு வண்டி, சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. என்ஜின் சுலபமாக உயிர் பெற்றுவிட்டது. பாடிதான் போய்விட்டது. பேட்டரி ஆசிட் ஒழுகி, என்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் நிற்கும் முன்சுவரைத் தின்றிருந்தது. கதவு தொங்கும் தூணில் ஸ்க்ரூடிரைவரை வைத்தால் கைப்பிடி வரை இறங்கியது. ஒட்டுப்போடக்கூட நல்ல தகடு மிச்சமில்லை. வேறு பாடி தேட வேண்டும், அல்லது புதிதாகச் செய்ய வேண்டும்.

ஹெரால்டு என்பதால்தான் இந்தக் கேள்வியே எழ முடிகிறது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-டிரயம்ப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்த பிஷர் அண்டு லட்லோவை 1953இல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. ஒரே கூடாகப் பாடி அடித்துத் தர ஆளில்லை. அதனால் தனி சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், போட்டு, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட்டில் மாட்டினார்கள். வடிவம் இத்தாலியரான மிக்கேலோட்டியுடையது. 1959இல் அங்கே வந்த வண்டியை 1961இலிருந்து நம் சென்னைக்குப் பக்கத்திலேயே தயாரித்தார்கள். அன்றைய நெருக்கடி இன்று நமக்கு வரம். பாடியைக் கழற்றி மாற்றினாலும் சேஸிஸ் நம்முடையதாகவே இருக்கும். அம்பாசடரிலும் பழைய பியட்டிலும் தனி சேஸிஸ் கிடையாது. அங்கே பாடி மாற்றுவது வண்டியையே மாற்றுவதாகிவிடும்.

பழைய இரும்புக் கடைகளில் விசாரித்து, தெரிந்தவர்களிடம் சொல்லிவைத்து, கடைசியில் இரண்டு ஒரிஜினல் பாடிகள் கண்ணில் பட்டன. ஒன்று ஓமலூர் பக்கம் வெட்டவெளியில் கிடந்தது. இன்னொன்று ஏற்காட்டில் நாகலூர் வழியில் ஒரு காபி எஸ்டேட்டின் பழைய கொட்டகையில்.

ஓமலூர் பாடியைப் பார்த்ததும் முன்பணம் கொடுத்துவிடலாம் என்றே தோன்றியது. சமவெளியின் காய்ந்த வெயில் பெயிண்டையும் ரப்பரையும் தூளாக்கும், தகட்டை விட்டுவைக்கும். தரை கெட்டி, டிக்கி கெட்டி, தட்டினால் கணீரென்ற சத்தம். ஏற்காட்டுப் பாடி நேர் எதிர். மலையில் மாதக்கணக்கில் பனிமூட்டம், ஈரம் உள்ளேயிருந்து வேலை செய்யும். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்க, கதவுக்கு அடியில் ஓடும் 'சில்' தகடு என்று ஒன்றே இல்லை. தரையில் காலை வைத்தால் மண் தெரிந்தது.

என்னோடு வந்த டிங்கர் மேஸ்திரி துருவைப் பார்க்கவே இல்லை. டேப்பை எடுத்து இரண்டு பாடியிலும் கதவு வாசலை மூலைக்கு மூலை அளந்தார், வலதுபக்க அளவையும் இடதுபக்க அளவையும் ஒப்பிட்டார். ஓமலூர் பாடியில் இரு பக்கத்துக்கும் ஓர் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். எப்போதோ முன்னால் பலமாக இடித்து, பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். ஏற்காட்டுப் பாடியில் வித்தியாசம் நூல் கணக்கில்தான்.

"துருவை வெட்டி எடுத்துப்போடலாம் தம்பி. நிலை கோணிப்போச்சுன்னா ஒரு கதவும் உட்காராது," என்றார்.

வீடு கட்டுகிறவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். பாடிக்கும் முன்சுவரும் கதவுத் தூணும்தான் நிலை. அவை நேராக நின்றால் மற்றதெல்லாம் தகடு. அவை கோணினால் பானெட், கதவு, கண்ணாடி, கூரை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தகராறு செய்யும். சுத்தமான தகட்டைப் பார்த்து மயங்கி வளைந்த பாடி வாங்குவதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய இழப்பு என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவது வழி, புதிதாக அடிப்பது. லாரி பாடிக்கு நாமக்கல், பஸ் பாடிக்கு கரூர் என்று சுற்றிலும் கைத்தேர்ச்சி கொட்டிக் கிடக்கிற ஊர் நம்முடையது. ஆனால் அது மடிப்பும் கோணமுமான வேலை. ஹெரால்டின் பானெட் இரு மட்கார்டோடும் சேர்ந்து முன்பக்கமாகச் சாயும் ஒரே பெரிய உருப்படி, எல்லாத் திசையிலும் வளைவு. இடப்புறம் போலவே வலப்புறமும் சுத்தியலால் கொண்டுவருவது அபூர்வமான கைக்கே வரும். சில், தரை, டிக்கித் தரை, பேட்டரித் தட்டு ஆகியவற்றுக்கு 20 கேஜ் சி.ஆர். (கோல்டு ரோல்டு) இரும்புத் தகட்டில் உள்ளூர் வேலையே போதும். ஏற்காட்டுப் பாடியில் போயிருந்ததும் சரியாக அவைதான்.

ஃபைபர் பானெட் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. எடை குறைவு, துருவில்லை. ஆனால் லைட்டுகளுக்கு எர்த் பாடி வழியாகத்தான் போகிறது, ஃபைபரில் தனி ஒயர் இழுக்க வேண்டும். ஒரிஜினல் தேடுகிறவருக்கு அது பொருந்தாது. இங்கிலாந்திலிருந்து வரவழைப்பதும் சிறு உருப்படிகளுக்குத்தான் கட்டும். நான்கு கதவு ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு அந்த வழி இன்னும் குறுகல். அது இந்தியாவுக்கென்றே செய்த வண்டி, கதவுகள் அங்கே கிடைக்காது.

ஏற்காட்டுப் பாடியையே எடுத்தோம். விற்றவரிடம் எழுத்தில் ரசீது வாங்கினேன். வாங்காமல் எடுக்காதீர்கள். அடுத்து வேலையின் வரிசை. முதலில் கதவு வாசலின் குறுக்கே சதுரக் குழாய் வைத்து வெல்டு செய்து பாடியை இறுக்கிய பிறகே பழைய தகட்டை வெட்ட வேண்டும். வெட்டியபின் தரையில் வைத்து வெல்டு செய்யக் கூடாது. நம் சேஸிஸில் ஏற்றி, பாடி உட்காரும் இடங்களில் மவுண்டு ரப்பரும், உயரம் சரிசெய்யும் மெல்லிய தகடான ஷிம்மும் போட்டு, கதவை மாட்டி இடைவெளி பார்த்து, அதன்பின்தான் வெல்டிங். சேஸிஸை சாண்ட் பிளாஸ்டிங் (மணலைப் பீய்ச்சித் துரு எடுப்பது) செய்யலாம், பானெட்டையும் கூரையையும் செய்தால் அகலத் தகடு அலையலையாக நெளிந்துவிடும். ரெட் ஆக்சைடோடு மட்டும் மலையில் நிறுத்தவும் கூடாது, அது ஈரத்தைக் குடிக்கும். எபாக்சி பிரைமர் நல்லது.

பதிவு விஷயம் தேர்வையே மாற்றக்கூடியது. 2021இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்து, சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றமில்லாத வண்டியை விண்டேஜாகப் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000, பத்து வருடம் செல்லும், நம்பரில் 'விஏ' எழுத்துகள் வரும். அடித்த பாடிக்கும் ஃபைபருக்கும் இங்கே இடம் கிடைப்பது கடினம். ஒரிஜினல் பாடி மாற்றினாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. அதோடு, விண்டேஜ் நம்பர் வண்டியைக் கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மாமா வேலை பார்த்த இடம் வரை போக வேண்டும். அதனால் பழைய ஆர்.சி.யையே ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கிறேன், நிறத்தையும் அதில் உள்ளபடியே வைக்கிறேன்.

இப்போது பாடி சேஸிஸில் உட்கார்ந்துவிட்டது. வலது கதவு ஒரு விரலால் தள்ளினாலே சாத்திக்கொள்கிறது. இடது கதவுக்காகப் பின்பக்க மவுண்டில் இன்னொரு ஷிம் வைக்க வேண்டும் என்று மேஸ்திரி நாளைக்கு வருகிறார்.