சாமுவேல் புத்தகம்: மூன்று நட்சத்திரம், அதற்கு மேல் மனசு வரவில்லை

தம்பியின் பேரனுக்குச் சாமுவேல் என்று பெயர் வைத்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள். கொலுசும் வெள்ளிக் கிண்ணமும் எப்படியும் நாலைந்து வந்துவிடும். அதனால் நான் இந்தப் பெயர்ப் புத்தகத்தை ஆர்டர் செய்தேன். குழந்தையின் பெயரைச் சொன்னால், அந்தப் பெயரில் நிஜமாக வாழ்ந்தவர்களையும் கதையில் வருகிறவர்களையும் பக்கத்துக்கு ஒருவராகப் படத்தோடு அச்சடித்து அனுப்புகிறார்கள். தமிழிலேயே கிடைக்கிறது என்பதுதான் என்னை இழுத்தது.

பைண்டிங்கில் குறையே இல்லை. கெட்டி அட்டை, தடித்த தாள், பிள்ளை கடித்தாலும் தாங்கும். சொன்ன தேதிக்கு முன்பே வந்து சேர்ந்தது.

முதல் பக்கம் வேதாகமத்துச் சாமுவேல். ஆசாரியர் ஏலிதான் கூப்பிட்டார் என்று நினைத்து, ராத்திரியில் எழுந்து ஓடும் சிறுவனின் படம். கீழே ‘சொல்லும், அடியேன் கேட்கிறேன்’. எதிர்ப்பக்கத்தில் அன்னாள், வருஷா வருஷம் மகனுக்குத் தைத்துக் கொண்டுபோகிற சின்னச் சட்டையோடு. அந்தச் சட்டையை ஞாபகம் வைத்து வரைந்தவருக்கு ஒரு சபாஷ்.

அப்புறம் வருகிறார் தந்திக்குப் பேர்போன சாமுவேல் மோர்ஸ். நான் தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தப் பக்கத்தில் என்னை ஏமாற்ற முடியாது. கதையை நன்றாகவே சொல்லியிருக்கிறார்கள். அவர் அடிப்படையில் ஓவியர். 1825இல் வாஷிங்டனில் படம் வரைந்துகொண்டிருந்தபோது மனைவி இறந்துபோனார். கடிதம் கிடைத்து ஊர் போய்ச் சேருவதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது. 1844 மே 24 அன்று வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு அவர் அனுப்பிய தந்திச் செய்தி வேதாகமத்தில் எண்ணாகமத்து வசனம் என்பதையும் விடவில்லை.

ஆனால் பக்கத்தின் அடியில் SAMUEL என்று ஆங்கில எழுத்தில் தந்தி அடித்தால் எப்படி வரும் என்று புள்ளியும் கோடுமாகப் போட்டிருக்கிறார்கள். கடைசி எழுத்துக்குப் புள்ளி, கோடு, புள்ளி, புள்ளி வரவேண்டும். இதில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறது. அப்படி அடித்தால் எல் போய் ஆர் ஆகிவிடும். பிள்ளையின் பெயர் ‘சாமுவேர்’! இன்னொன்று, இது பின்னால் வந்த சர்வதேச முறை. நாங்கள் அடித்ததும் அதுதான். மோர்ஸ் காலத்து அமெரிக்க முறையில் எல் என்பது ஒரே நீளக் கோடு. அது தெரியாததை மன்னிக்கலாம். புள்ளி விட்டுப்போனதை மன்னிக்க மாட்டேன்.

மற்றவர்களில், டைரி எழுதிப் பேர் வாங்கிய சாமுவேல் பெப்பீஸ் பக்கம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். 1666இல் லண்டன் தீப்பிடித்து எரிந்தபோது பார்மசான் சீஸைத் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்து வைத்த மனுஷர். நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட் நோபல் வாங்கியதோடு முதல்தரக் கிரிக்கெட்டும் ஆடியவர் என்று போட்டிருக்கிறார்கள், உண்மைதான். அகராதி ஜான்சன், ஃபுட்பால் எட்டோ, டிக்கன்ஸின் பிக்விக் எல்லாம் வழக்கமான வரிகள். துப்பறியும் சாம் ஸ்பேடும் உண்டு. இடுப்பில் தூக்குகிற வயசுப் பிள்ளைக்கு அவர் எதற்கோ.

‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையில் வருகிற சாம் கேம்ஜியையும் சேர்த்திருக்கிறார்கள். மோதிரத்தோடு மலையேறுகிற அந்தச் சாமின் முழுப்பெயர் சாம்வைஸ். சாமுவேலே இல்லை. நிஜமான சாமுவேல் ஆன மார்க் ட்வைன் (சாமுவேல் லாங்ஹார்ன் கிளெமென்ஸ்) விட்டுப்போயிருக்கிறார்.

அதைவிடப் பெரிய குறை, தமிழ்ப் புத்தகத்தில் தமிழ் சம்பந்தப்பட்ட சாமுவேல் ஒருவர்கூட இல்லை. மாயவரத்தில் முன்சீப்பாக இருந்து, 1879இல் தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை வெளியிட்ட வேதநாயகம் பிள்ளையின் முழுப்பெயர் சாமுவேல் வேதநாயகம் பிள்ளை. அவருக்கு ஒரு பக்கம் கிடையாதா? சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே டாக்டர்களைப் பயிற்றுவித்தவர். ‘இரண வைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ என்று மருத்துவப் புத்தகங்களைத் தமிழில் கொண்டுவந்தார். ‘தமிழருக்கான மருத்துவ ஊழியர்’ என்ற பொருளில்தான் அமெரிக்காவில் அவர் கல்லறையிலேயே பொறித்திருக்கிறது. இங்கிலீஷ் பட்டியலை எடுத்து மொழிபெயர்த்தால் இவர்கள் எப்படி வருவார்கள்?

கஸ்டமர் கேரில் பேசினேன். அந்தப் பெண் பொறுமையாகத்தான் கேட்டாள். “சார், புள்ளியை மட்டும் திருத்தி அந்தப் பக்கத்தை அனுப்புறோம், ஆளைச் சேர்க்க முடியாது” என்றாள். தையல் போட்ட புத்தகத்தில் திருத்திய பக்கத்தை வைத்து நான் என்ன செய்ய? ஒட்டத்தான் வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று. அச்சுக்கு முன்னால் கேட்டால் பிடிஎஃப் அனுப்புவார்களாம். பணம் கட்டும் பக்கத்தில் அதை எங்கேயும் போடவில்லை, போனில்தான் சொன்னார்கள். கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் ஓகே கொடுங்கள். யாரையாவது எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவார்கள். பிள்ளையின் பெயர் சாமுவேல் என்றால் கேம்ஜியிலிருந்து ஆரம்பியுங்கள்.