கையால் செய்த போன்சாய் தொட்டிகள்: கவிழ்த்துப் பார்த்த பிறகு என் கருத்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கிய மூன்று தொட்டிகளில் ஒன்று அருமை, ஒன்று பரவாயில்லை, மூன்றாவது பார்க்க மட்டும் அழகு. மூன்றையும் செய்தவர் ஒரே ஆள்தான். சொந்தமாக ஒரு சிறிய சூளை வைத்துக்கொண்டு போன்சாய் தொட்டிகள் மட்டும் செய்பவர். அச்சில் ஊற்றி எடுக்கும் வேலையே கிடையாது, முழுக்கக் கைவேலை. பெயர் போடப் போவதில்லை, குறைகளையும் எழுதப் போகிறேன் என்பதால். அதுவுமில்லாமல் இங்கே சொல்வதில் பாதி, எந்தக் குயவரிடம் வாங்கினாலும் பார்க்க வேண்டியதுதான்.

ஆர்டர் கொடுக்கும்போதே ஆள் மீது ஒரு நம்பிக்கை வந்தது. என்ன நிறம் வேண்டும் என்று தொடங்காமல், மரத்தின் படத்தை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுத்து அனுப்பச் சொன்னார், உயரமும் வேருக்கு மேலே அடிமரத்தின் தடிமனும் கேட்டார். தொட்டியின் நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஆழம் அடிமரத்தின் தடிமன் அளவு என்று போன்சாய்க்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஊசியிலை மரமான என் ஜூனிபர் 45 செ.மீ. உயரம், அடி 5 செ.மீ., ஆக நீளம் 30, ஆழம் 5 என்று நானே எழுதி அனுப்பியிருந்தேன். அதற்கு அவர் கேட்டது: அந்த 5 உள்ளே மண் நிற்கும் ஆழமா, வெளியே கண்ணுக்குத் தெரியும் ஆழமா? அடித்தட்டின் கனமும் காலின் உயரமும் சேர்ந்தால் 2 செ.மீ. சும்மா போய்விடும். வெளி ஆழத்தை 5 என்று சொல்லிவிட்டு உள்ளே 3 செ.மீ. மண்ணோடு தவிப்பவர்கள் நிறையப் பேர் என்றார். இந்தக் கேள்வியைக் கேட்காத குயவர் அநேகமாக மரம் வளர்க்காதவராக இருப்பார் என்பது என் எண்ணம்.

அளவு விஷயத்தில் இன்னொன்று. அவர் பயன்படுத்தும் களிமண் ஈரப் பதத்திலிருந்து சூளையை விட்டு வெளியே வருவதற்குள் சுமார் 12 சதவீதம் சுருங்கும். 30 செ.மீ. தொட்டி வேண்டுமென்றால் பச்சை மண்ணில் 34 செ.மீ. வெட்ட வேண்டும். அதனால் சில மி.மீ. முன்னே பின்னே இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார், அப்படியேதான் வந்தது. மி.மீ. சுத்தமாக வேண்டும் என்பவர்களுக்குக் கைவேலை ஒத்துவராது, அச்சுத் தொட்டி வாங்கிக்கொள்ளலாம்.

அந்த ஜூனிபருக்கான செவ்வகத் தொட்டிதான் மூன்றிலும் சிறந்தது. வட்டத் தொட்டியைச் சக்கரத்தில் வனைந்துவிடலாம், செவ்வகம் தட்டையான களிமண் தகடுகளை வெட்டி ஒட்டிச் செய்வது, அதுதான் உண்மையில் சிரமமான வேலை. தகட்டைத் தூக்கும்போது ஒரு முனை லேசாக வளைந்தால் போதும், கையால் நீவி நேராக்கிவிட்டோம் என்று நாம் நினைப்போம், ஆனால் மண் அதை மறப்பதில்லை, காயும்போதோ சூளையிலோ அதே பக்கம் மறுபடி வளையும். ஓரம் சீக்கிரம் காய்ந்து நடுப்பகுதி ஈரமாக இருந்தாலும் இதே கதைதான். இவர் தகட்டை இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்தே நகர்த்துவாராம், செய்து முடித்த பிறகும் மூடி வைத்து மெதுவாகத்தான் காய விடுவாராம். பலன் தெரிகிறது. கண்ணாடி மேஜை மேல் வைத்து நான்கு மூலையிலும் அழுத்திப் பார்த்தேன், ஆட்டமே இல்லை. விளிம்பு ஒரே கோடாக ஓடுகிறது. கிளேஸ் என்கிற கண்ணாடி போன்ற பூச்சு எதுவும் இல்லாத கரும்பழுப்பு, இரும்புச் சத்து அதிகமுள்ள மண்ணின் சொந்த நிறம். ஜூனிபர், பைன் மாதிரி மரங்களுக்குப் பூச்சில்லாத தொட்டி என்கிற வழக்கம் ஏன் வந்தது என்று மரத்தை உள்ளே வைத்ததும் புரிந்தது.

பூச்சில்லாத தொட்டி 'மூச்சு விடும்', அதனால் வேருக்கு நல்லது என்று ஒரு பேச்சு உண்டு. குறைந்த சூட்டில் சுட்ட சாதாரண மண் தொட்டிக்கு அது பொருந்தும். 1200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்ட ஸ்டோன்வேருக்குப் பொருந்தாது, அந்தச் சூட்டில் மண்ணின் நுண்துளைகள் பெரும்பாலும் அடைபட்டுவிடும். ஜப்பானில் போன்சாய் தொட்டிகளுக்குப் பேர்போன தொகொனமே ஊரின் பூச்சில்லாத தொட்டிகளும் இப்படி இறுக வெந்தவைதான். பூச்சைப் பார்க்காதீர்கள், வேக்காட்டைப் பாருங்கள். விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும், மொத்தென்று விழுந்தால் வேகவில்லை அல்லது எங்கோ விரிசல்.

குளிர்காலத்தில் உறையும் இடங்களில் இருப்பவர்களுக்கு இது வெறும் ரசனை விஷயம் இல்லை. தண்ணீர் உறைந்தால் கன அளவில் ஏறத்தாழ 9 சதவீதம் பெருகும், மண் குடித்த தண்ணீர் உள்ளேயே உறைந்தால் தொட்டி செதில் செதிலாக உதிரும். மூன்றில் சிறியதான வட்டத் தொட்டியை நான் சோதித்துப் பார்த்தேன்: நன்றாகக் காயவைத்து எடை போட்டபோது 400 கிராம், கொதிக்கவைத்து இரவு முழுக்க அதே தண்ணீரில் ஊறவிட்டுத் துடைத்துப் போட்டபோது 408 கிராம். 2 சதவீதம். நல்ல எண். சூளையில் வைத்தவர் அவசரப்படவில்லை என்று அர்த்தம்.

சரி, அழகான தொட்டிக்கு வருவோம். முட்டை வடிவம், செம்பு கலந்த பச்சைக் கிளேஸ், விளிம்பில் மெலிந்து பழுப்பாகவும் கால் பக்கம் தடித்துக் கருமையாகவும் ஓடுகிற பச்சை. இதே செம்பு, காற்று குறைவான தீயில் சுட்டால் சிவப்பாக மாறும், காற்றோட்டமுள்ள தீயில்தான் பச்சை. கிளேஸ் விளிம்பைத் தாண்டி உள்ளே மண் மட்டம் வரை மட்டும் இறங்கியிருக்கிறது, அதற்குக் கீழே பூச்சு இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். படம் எடுத்தால் எல்லாரும் எங்கே வாங்கினாய் என்று கேட்பார்கள்.

கவிழ்த்துப் பார்த்தால்தான் விஷயம். அடித்தட்டின் நடுப்பகுதி சூளையில் லேசாகத் தொய்ந்திருக்கிறது, வடிகால் துளைகளோ அதற்கு இரண்டு பக்கமும், கொஞ்சம் மேட்டில். போதாததற்குத் துளையை உள்பக்கம் சீவி மட்டமாக்காமல் விட்டதால் அதைச் சுற்றி ஒரு சின்ன வரப்பு. ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் நடுவில் குட்டையாக நிற்கிறது. ஆழமான பூந்தொட்டியில் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். போன்சாய் தொட்டியில் முடியாது. எந்தத் தொட்டியானாலும் தண்ணீர் வடிந்து நின்ற பிறகு அடியில் ஒரு அடுக்கு மண் சொதசொதவென்றே இருக்கும், அந்த அடுக்கின் உயரத்தைத் தீர்மானிப்பது மண் துகளின் அளவு, தொட்டியின் ஆழம் அல்ல. ஆக தொட்டி ஆழம் குறையக் குறைய மொத்த மண்ணில் ஈர அடுக்கின் பங்கு கூடிக்கொண்டே போகும். ஏற்கெனவே அந்த நிலைமை, அதற்கு மேல் தட்டில் ஒரு குட்டை வேறு என்றால் வேர் அழுகல்தான்.

உச்ச சூட்டில் களிமண் கொஞ்சம் இளகும், காலில் நிற்கும் அகலமான தட்டு தன் எடையாலேயே நடுவில் இறங்கும். அதே களிமண்ணில் ஒரு முட்டு செய்து நடுவில் கொடுத்துச் சுட்டால் இரண்டும் சேர்ந்து சுருங்கும், தட்டும் நேராக நிற்கும். செவ்வகத்துக்கு அப்படித்தான் செய்தாராம், இதற்கு விட்டுவிட்டாராம். புகார் சொன்னபோது வாதம் செய்யவில்லை, திருப்பி அனுப்புங்கள், வேறு செய்து தருகிறேன் என்றார், ஆனால் இதே பச்சை மறுபடி வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னார். அந்தப் பச்சையை விட மனம் வரவில்லை. டயமண்ட் பிட் போட்டு, தண்ணீர் விட்டுக்கொண்டே, அழுத்தாமல் மெதுவாக, பள்ளத்தின் நடுவில் ஒரு துளை போட்டுக்கொண்டேன். இப்போது தண்ணீர் நிற்பதில்லை. ஆனாலும் வாங்குகிறவர் செய்ய வேண்டிய வேலையா இது? மதிப்பெண்ணில் இதைக் குறைக்காமல் இருக்க முடியாது.

வட்டத் தொட்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சக்கர வேலை சுத்தம், மூன்று கால், மெல்லிய சுவர். ஒரே குறை, விளிம்பு உள்பக்கமாக வளைந்திருக்கிறது. பார்க்க லட்சணம்தான், ஆனால் வேர் நிறைந்த பிறகு மரத்தை அப்படியே தூக்க முடியாது, சுற்றிலும் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அடிக்கடி தொட்டி மாற்ற வேண்டிய சின்ன மரத்துக்கு இந்த வடிவம் வேண்டாம். வேகமாக வளரும் என் குட்டி ஃபைகஸை (அத்தி, ஆல் இன மரம்) அதில் வைத்திருக்க முடியாது என்பதால் புல், பாசி வளர்க்க ஒதுக்கிவிட்டேன்.

கம்பி கட்டும் துளைகளையும் கவனியுங்கள். செவ்வகத்தில் மூலைக்கு ஒன்றாக நான்கு, மரத்தை அசையாமல் கட்ட முடிந்தது. பச்சைத் தொட்டியில் இரண்டே இரண்டு, அதுவும் நடுப்பக்கம் நெருக்கமாக. புதிதாக நட்ட மரம் ஆடினால் இளவேர் அறுந்துபோகும், ஆகவே இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை.

பேக்கிங் நன்றாக இருந்தது, கால்களுக்குத் தனியாக நுரை சுற்றி அனுப்பியிருந்தார். காத்திருப்பு நீளம், அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன், சூளை நிறையும் அளவுக்குத் தொட்டிகள் சேர்ந்த பிறகுதான் சுடுவார், ஒருவருக்காகப் பற்றவைக்க முடியாது. இன்னும் பயிற்சியில் இருக்கும், தடிமன் ஏற வேண்டிய இளமரத்துக்கு இப்படித் தொட்டி வாங்குவது வீண், பிளாஸ்டிக் கூடையே அதற்கு மேல். உருவம் முடிந்த மரம் கையில் இருந்தால் இவரிடம் செவ்வகம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், கிளேஸ் தொட்டி என்றால் அனுப்பும் முன் அடிப்பக்கப் படமும், உள்ளே தண்ணீர் ஊற்றி வடிவதைக் காட்டும் வீடியோவும் கேளுங்கள். அடுத்த ஆர்டரில் நான் கேட்டேன், முகம் சுளிக்காமல் அனுப்பினார், துளையைச் சுற்றி வரப்பு இல்லை, நான்கு மூலையிலும் கம்பித் துளை இருந்தது.