'மடமையின் புகழ்': பாசலா, பாரிஸா?

டச்சு அறிஞர் எராஸ்மஸின் இந்த நூலில் மடமையே ஒரு பெண்ணாகப் பேச எழுந்து, துறவி முதல் போப் வரை எல்லோரையும் வறுத்தெடுக்கிறாள். படங்களோடு பழைய பதிப்பு தேடுவோர் முன் இரண்டு நிற்கும்: 1676இல் சுவிஸ் நகரமான பாசலில் வந்த லத்தீன் பதிப்பு, 1751இல் பாரிஸில் வந்த பிரெஞ்சுப் பதிப்பு.

என் ஓட்டு பாசலுக்கு. 1515இல் இளைஞரான ஓவியர் ஹோல்பைன் இந்நூலின் ஒரு பிரதியின் ஓரங்களில் பேனாவால் வரைந்த குறும்புச் சித்திரங்களைத்தான் அதில் செப்புத்தகட்டில் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு பெண்ணைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே முட்டைக்கூடையில் கால் வைக்கிறார் ஓர் அறிஞர். அந்த ஒரு படத்துக்கே வாங்கலாம். வரிகளுக்கிடையே செப்புப் படம் வந்தால், எழுத்துக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என்று தாள் இரண்டு அச்சுப்பொறி ஏற வேண்டும். அதனால் படம் கொஞ்சம் கோணலாக இருந்தால் பயப்பட வேண்டாம்.

பாரிஸ் பதிப்பின் ஓவியர் ஐசென். நளினமான கை, ஆனால் கிண்டலில் காரம் குறைவு. படங்கள் தனித் தாள்களில் இருப்பதால் கிழித்து விற்றுவிடுவார்கள். எத்தனை படம் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். பெரிய தாளில் அச்சான பிரதி கிடைத்தால், சரி, நானும் யோசிப்பேன்.