அறிவுரையா, காப்பர்-டியா? இளவயதுக் கர்ப்பத்தைக் குறைத்தது எது

பதின்ம வயதுப் பெண்கள் விரும்பாமல் கருவுறுவதைத் தடுக்க அமெரிக்காவில் இரண்டு வழிகள் பெரிய அளவில் முயன்று பார்க்கப்பட்டன. ஒன்று, கல்யாணம் வரை எதுவும் வேண்டாம் என்று வகுப்பில் சொல்வது. இன்னொன்று, எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி, கருத்தடைச் சாதனத்தை இலவசமாகக் கொடுப்பது.

முதல் வழிக்கு 1996-ல் மத்திய அரசு சட்டம் போட்டு ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கியது. பலன் என்ன என்று அறிய அரசே நடத்திய ஆய்வின் முடிவு 2007-ல் வந்தது. நான்கு திட்டங்கள், 2,000-க்கு மேற்பட்ட பிள்ளைகள். வகுப்புக்குப் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. இரு தரப்பிலும் பாதிப் பேர் உடலுறவு கொண்டிருந்தார்கள், முதல் உறவின் சராசரி வயதும் ஒன்றுதான். இத்தனை பணத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவோ செய்திருக்கலாம் என்று எனக்கு ஆதங்கம்.

அப்புறம் இரண்டாவது வழி. 2007-ல் செயின்ட் லூயிஸ் நகரில் 9,000-க்கு மேற்பட்ட பெண்களை உட்கார வைத்து எல்லா முறைகளையும் விளக்கினார்கள். விரும்பியதை இலவசமாகக் கொடுத்தார்கள். முக்கால்வாசிப் பேர் கேட்டது கருப்பையில் வைக்கும் காப்பர்-டி போன்ற சாதனத்தையோ, கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சியையோதான். அங்கே பதின்ம வயதினரில் ஆண்டுக்கு 1,000 பேருக்கு 34 பேர் கருவுற்றார்கள். நாடு முழுக்க, உடலுறவு அனுபவமுள்ள அதே வயதினரில் 158 பேர்!

காரணம் எளிது. மாத்திரையைத் தினமும் ஞாபகமாக விழுங்க வேண்டும். நடைமுறையில் மாத்திரையை நம்பும் 100 பேரில் ஆண்டுக்கு ஏழெட்டுப் பேர் கருவுறுகிறார்கள். காப்பர்-டியில் ஒருவர்கூட அபூர்வம். ஒருமுறை போட்டுவிட்டால் பல வருடம் மறந்துவிடலாம். ஆனால் பால்வினை நோயைத் தடுக்க ஆணுறைதான் வேண்டும், அதைக் காப்பர்-டி செய்யாது.

கொலராடோ மாநிலம் 2009-ல் இதையே ஏழைப் பெண்களுக்கான மருத்துவ மையங்களில் செய்தது. ஐந்து ஆண்டுகளில் பதின்ம வயதுப் பிரசவமும் கருக்கலைப்பும் ஏறக்குறைய பாதியாகின. அந்தக் காலத்தில் நாடு முழுவதுமே எண்ணிக்கை இறங்கியது உண்மை, முழுப் பெருமையும் திட்டத்துக்கே சேராது. கருக்கலைப்பை எதிர்ப்பவர்கள் இந்தத் திட்டத்தைத்தான் முதலில் ஆதரித்திருக்க வேண்டும். ஆனாலும் 2015-ல் மாநில சட்டமன்றம் பணம் தர மறுத்து, அடுத்த ஆண்டுதான் ஒதுக்கியது.

இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் நான் இலவசச் சாதனத்தின் பக்கம். ஆனால் ஒன்றோடு நிற்க வேண்டியதில்லை. இங்கிலாந்து 1999-ல் பள்ளியில் பாலியல் கல்வியையும் இளையோருக்கான மருத்துவ மையங்களையும் ஒரே திட்டமாக்கியது. 18 வயதுக்குட்பட்டோர் கருவுறும் விகிதம் 1998-ல் 1,000-க்கு 47 ஆக இருந்தது, 2014-ல் 23 ஆனது. எங்கே போய்க் கேட்பது என்று வகுப்பிலேயே தெரிந்துகொண்ட பெண்ணுக்கு மையத்தின் வாசலில் தயக்கம் குறைகிறது.

எந்த ஊர் இதைப் பின்பற்றினாலும் ஒன்றில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். போட்டுக்கொண்ட பெண் எடுத்துவிடச் சொன்னால் காரணம் கேட்காமல், காசு வாங்காமல் அன்றே எடுத்துவிட வேண்டும்.