கண்டி மேல்மாடி லபுபு கடை: போறவங்க பெட்டி ஒடைச்சதையே வாங்குங்க

லபுபுன்னா சைனா பொப் மார்ட் கம்பெனி விக்கிற, பல்லக் காட்டிச் சிரிக்கிற பொம்மை; உள்ள எந்த கலருன்னு தெரியாம மூடுன பெட்டில வரும். மொதல்ல பேஸ்புக்ல ஒரு ஆளுகிட்ட 3500 குடுத்து "ஒரிஜினல்"னு ஒண்ணு வாங்கி, வீட்ல வந்து பல்ல எண்ணுனா பத்து இருக்கு. ஒரிஜினல் லபுபுக்கு ஒம்போது பல்லுதான். அந்தாள் அன்னைக்கே பிளாக் பண்ணிட்டாப்ல. அதுனாலதான் இந்த தடவ நேர்ல பாத்து வாங்குவோம்னு ஹட்டன்ல இருந்து காலைல பஸ் ஏறி கண்டிக்கே போயிட்டேன்.

கடைக்கு போர்டு கெடையாது, ஏறுற படி இருட்டு, பத்து மணின்னு சொல்லிட்டு பதினொன்றரைக்குதான் தொறந்தாங்க. பில் கேட்டா சிரிக்கிறாங்க, கார்ட் எடுக்க மாட்டாங்க, காசு இல்லாட்டி பேங்க்ல போடணும். ஆனா சாமான் விஷயத்துல மனுசன் நேர்மை. கேக்காமலே சின்ன நீல டோர்ச் ஒண்ண எடுத்து பொம்மையோட காலடில அடிச்சு காட்டுனாரு, வெறும் கண்ணுக்கு தெரியாத ஒரு உருவம் பளிச்னு தெரிஞ்சிச்சு, புது சீரிஸ்ல அதான் அடையாளமாம். பெட்டில இருந்த க்யூஆர் கோட்ட என் போன்லயே ஸ்கேன் பண்ண சொன்னாரு.

நான் கேட்டது 2025 ஏப்ரல்ல வந்த பிக் இன்டு எனர்ஜிங்குற சீரிஸ். ஆறு கலர், அதோட அபூர்வமா வாற ஒரு சீக்ரெட் கலர், அது 72 பெட்டிக்கு ஒண்ணுன்னு கணக்கு. அமெரிக்காவுல கடை வெல 28 டொலர் கிட்ட, நம்ம காசுக்கு எட்டாயிரத்து சொச்சம். இங்க சீல் ஒடைக்காதது 12,000, ஒடைச்சு கலர் பாத்து வச்சது 14,500. தாய்லாந்துல இருந்து ஆள் கொண்டு வாற சாமான், அவங்களுக்கும் லாபம் வேணும்தானே.

கடைல நின்ன பொடியன் "அண்ணே சீல் பெட்டியா எடுத்து வைங்க, வெல ஏறும், பீஜிங்ல ஆள் ஒசர லபுபு 10 லட்சத்து 80 ஆயிரம் யுவானுக்கு ஏலம் போச்சு"ங்குறான். போனது உண்மதான், 2025 ஜூன்ல. ஆனா அதே ஜூன்ல பொப் மார்ட் ஸ்டொக்க கொண்டாந்து கொட்டுனதும் சைனாவுலயே ரீசேல் வெல சரிஞ்சத தம்பி சொல்லல. அதோட சீலோட வச்சு விக்கிறவனுக்கு பெட்டிதான் உசுரு, ஒரு மூல நசுங்குனாலே வெலய கொறைச்சு கேப்பாங்க. எங்க பக்கம் ஜூன் ஜூலைல மூணு நாள் வெயில் அடிக்காட்டி செருப்புலயே பூஞ்சணம் புடிக்கும். போன வருசம் என்னோட பன்கோ பொம்மை பெட்டி ரெண்டு அலுமாரிக்குள்ளயே ஊறுன பிஸ்கட் மாதிரி ஆகி, ஓரமெல்லாம் வெள்ள பூத்து போச்சு. இதச் சொன்னதும் கடைக்காரரு சப்பாத்து பெட்டிக்குள்ள போடுவாங்களே ஈரம் உறிஞ்சுற அந்த சின்ன பொட்டலம், அதுல ஒரு பிடி அள்ளி சும்மாவே குடுத்தாரு. கண்டிக்காரரு, ஹட்டன் ஈரத்துக்கு அது எந்த மூலைக்கு.

ஹோப்ங்குற நீல கலர், ஒடைச்சதே எடுத்தேன். இந்த 12,000க்கு ஆறுல எது வருமோன்னு சூதாடுறத விட 2500 கூட குடுத்து புடிச்சத எடுக்குறது மேல்.

வெலய கேட்டுட்டு அம்மா "பத்து நாள் பேரு காசுடா"ன்னாங்க, தோட்டத்துல பத்து நாள் வேலைக்கு போற சம்பளத்த சொல்றாங்க. அக்கா மக அப்பவே ஸ்கூல் பேக்ல கொழுவிட்டா, மறுநா சாயங்காலம் மழைல நனைஞ்சு வந்துச்சு, அடுப்புக்கு மேல காயுது. பெட்டி மட்டும் பத்திரமா அலுமாரில.